முதுகில்தான் இருக்கு விஷயம்!

மனுஷனுக்கு எதையாவது சேர்த்து வைக்காவிட்டால் தூக்கம் வராது. சிலர் ஸ்டாம்ப் சேர்க்கிறார்கள். சிலர் பழைய நாணயம். சிலர் தீப்பெட்டி லேபிள். நம்மில் பலர் கடன்.

இந்த வாரம் நாம் சந்திக்கப் போகிற கோஷ்டி கொஞ்சம் விசேஷமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கனடாவின் படங்களாகத் தேடித் தேடிச் சேர்க்கிறவர்கள். போட்டோவானாலும் சரி, தகட்டில் செதுக்கி அச்சடித்த சித்திரமானாலும் சரி. நூறு வருஷத்துக்கு மேல் வயசாகியிருக்க வேண்டும்; கனடா காட்சியாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் கண்டிஷன்.

"கனடாவில என்ன ஸார் இருக்கு? வெள்ளைப் பேப்பரை ஃப்ரேம் போட்டு மாட்டி, கீழே 'பனிக்காலம்'னு எழுதிட்டா தீர்ந்துது வேலை!" என்று நீங்கள் நக்கலடிப்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பனியே உப்பு என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? வரிசையாக வருவோம்.

கனடாவில் எடுத்து இன்றைக்கும் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய போட்டோக்கள் நயாகரா அருவியுடையவை. எடுத்தவர் ஹ்யூ லீ பாட்டின்சன் என்ற இங்கிலாந்து நாட்டு ரசாயன நிபுணர். வருஷம் 1840. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் படம் விழவைக்கும் 'டாகுரோடைப்' வித்தையின் செய்முறை பாரிஸில் வெளியிடப்பட்டு அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மனிதர் சாமான் செட்டையெல்லாம் தூக்கிக்கொண்டு போய் அருவி முன்னால் நின்றுவிட்டார். இந்த முறையில் நெகட்டிவ் கிடையாது. ஒரு தகடு, ஒரு படம். காப்பி வேண்டுமென்றால் ஒரு செதுக்குக்காரர் அதைப் பார்த்து வேறு தகட்டில் செதுக்கித்தான் அச்சடிக்க வேண்டும். பாரிஸில் லெரெபூர் என்பவர் அப்படி உலகக் காட்சிகளைச் செதுக்கிப் புத்தகமாகப் போட்டார். பாட்டின்சனின் நயாகராவும் அதில் இடம்பிடித்தது.

அசல் தகடு என்ன ஆச்சு? இங்கிலாந்தில் நியூகாஸில் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்தது. 'அடடே, இது அதுவாச்சே!' என்று கண்டுபிடித்தது 1997ல். நம் ஆபீஸ் ரிக்கார்டு ரூமே தேவலை. அங்கே ரிடையர் ஆவதற்குள்ளாவது ஃபைல் கிடைத்துவிடும்.

அடுத்தது முட்டை யுகம். 1850க்கு அப்புறம் கண்ணாடியில் நெகட்டிவ் எடுத்து, முட்டை வெள்ளைக்கரு தடவிய காகிதத்தில் பிரின்ட் போட ஆரம்பித்தார்கள். ஒரே நெகட்டிவிலிருந்து எத்தனை காப்பி வேண்டுமானாலும் எடுக்கலாம். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்துத் தொழிற்சாலை ஒன்று இந்தக் காகிதத்துக்காகத் தினம் 60,000 முட்டை வரை உடைத்ததாகக் கணக்கு சொல்கிறார்கள். ஊரே ஆம்லெட் சாப்பிட்டிருக்கலாம். வேடிக்கை என்னவென்றால், தடவினது வெள்ளைக்கரு; ஆனால் வயசாக ஆகப் படம் மஞ்சளாகிறது. விட்டுவிட்டு வந்த மஞ்சள் கரு பழிவாங்குகிறது போலிருக்கிறது. அந்தப் பழுப்பு மஞ்சள்தான் சேகரிப்பாளர்கள் தேடும் முதல் அடையாளம்.

இந்த முட்டைக் காகிதத்தில் சக்கைப்போடு போட்ட ஆசாமி வில்லியம் நாட்மன். ஸ்காட்லாந்துக்காரர். குடும்பத் துணி வியாபாரத்தில் கணக்கு வழக்கு தகராறாகி, ஊரை விட்டே கிளம்பும்படி ஆயிற்று. 1856ல் மான்ட்ரியால் போய் இறங்கி, போட்டோ ஸ்டூடியோ வைத்தார். செயின்ட் லாரன்ஸ் நதிக்குக் குறுக்கே கட்டிக்கொண்டிருந்த விக்டோரியா பாலத்தைப் படம் எடுக்கும் சான்ஸ் கிடைத்தது. 1860ல் பாலத்தைத் திறந்துவைக்க வேல்ஸ் இளவரசர் வந்தபோது, நாட்மன் எடுத்த கனடாக் காட்சிகள் மேப்பிள் மரப்பெட்டியில் பரிசாகப் போயின. அப்புறம் கேட்பானேன். 'மகாராணியின் போட்டோகிராஃபர்' என்று போர்டே மாட்டிவிட்டார்.

இப்போது உப்புக்கு வருவோம். 1866ல் நாட்மன் கனடா நாட்டு வேட்டைக் காட்சிகள் என்று ஒரு வரிசை வெளியிட்டார். கூடாரம், பாறை, மரம், முழங்கால் ஆழப் பனி, நடுவில் துப்பாக்கியோடு கம்பீரமாக வேட்டைக்காரர். அத்தனையும் ஸ்டூடியோவுக்குள்! பாறையும் மரமும் உள்ளே கொண்டுவந்து வைத்தது. பனி? உப்பும் ஆட்டு ரோமமும். உறைந்த ஏரி? பளபளவென்று தேய்த்த துத்தநாகத் தகடு. பனி பெய்ய வேண்டுமா? நெகட்டிவ் மேல் வெள்ளை பெயின்ட்டைத் தெளித்தால் பெய்துவிட்டுப் போகிறது. வாசற்கதவைத் திறந்தால் நிஜப் பனி மலைமலையாகக் குவிந்துகிடக்கும் ஊரில் இந்த வேலை!

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. வெளியே எடுக்க வேண்டுமென்றால் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காய்வதற்குள் எடுத்து, காய்வதற்குள் கழுவியும் ஆக வேண்டும். கனடா குளிரில் மருந்தும் உறையும், விரலும் உறையும். ஆள் அசையாமல் நிற்க வேண்டும். ஓடுகிற மான், விழுகிற பனி எதுவும் படத்தில் நிற்காது. எனவே நிஜத்தைக் காட்ட உப்பு தேவைப்பட்டது.

இதையும் தூக்கிச் சாப்பிட்டது 1870 சமாச்சாரம். மான்ட்ரியாலில் விக்டோரியா ரிங்க் என்கிற பனிச்சறுக்குக் கூடத்தில் மாறுவேட விழா. ஆர்தர் இளவரசரும் வந்திருந்தார். அந்த வெளிச்சத்தில், சறுக்கிக்கொண்டே இருக்கிற கூட்டத்தை எடுப்பது அந்தக் காலத்து கேமராவால் ஆகிற காரியமில்லை. நாட்மன் என்ன செய்தார்? வேஷம் போட்டவர்களையெல்லாம் ஸ்டூடியோவுக்குத் தனித்தனியாக வரச்சொல்லி எடுத்தார். சுமார் 300 பேர்! ஒவ்வொருவரையும் கத்தரித்து, வரைந்துவைத்த கூடத்தின் படத்தில் ஒட்டி, ஓவியர்களை வைத்து வண்ணம் பூசி, 'இதோ விழா' என்று வெளியிட்டார். இன்றைக்குக் கம்ப்யூட்டரில் செய்வதை அன்றைக்கே கத்தரிக்கோலில் செய்திருக்கிறார். வியாபார மூளையையும் கவனியுங்கள். 300 பேரும் தங்கள் மூஞ்சி எங்கே என்று தேடி ஆளுக்கொரு காப்பி வாங்குவார்கள் அல்லவா?

"அப்ப போட்டோ எல்லாம் டூப்பு. கையால வரைஞ்ச சித்திரம்தான் நிஜமா?"

அதுவும் இல்லை. பழைய கனடா என்றாலே கடைக்காரர்கள் எடுத்து நீட்டுவது பார்ட்லெட் படங்கள். வில்லியம் ஹென்றி பார்ட்லெட் இங்கிலாந்துக்காரர். 1838ல் கனடாவைச் சுற்றி வந்து வரைந்தார். அவற்றை எஃகுத் தகட்டில் செதுக்கி, லண்டனில் ஜார்ஜ் வெர்ச்சு என்ற பதிப்பாளர் பகுதி பகுதியாக வெளியிட்டார். 1842 என்று தேதி போட்ட புத்தகத்தில் இருப்பவை நூற்றுக்கும் மேற்பட்ட காட்சிகள். மயிரிழை மயிரிழையாகச் செதுக்கிய அற்புதமான வேலை. ஆனால் மலை இருக்கவேண்டியதைவிடக் கொஞ்சம் உசரம். பாறை கொஞ்சம் செங்குத்து. கல்யாணத் தரகர் மாப்பிள்ளையின் சம்பளத்தைச் சொல்கிற மாதிரி. பார்ட்லெட் 1854ல் கிழக்கே ஒரு பிரயாணம் முடித்துத் திரும்பும்போது கப்பலிலேயே இறந்துபோனார். அவர் உயர்த்தின மலைகள் இன்னும் இறங்கவில்லை.

இவ்வளவு தில்லுமுல்லு இருக்கிறதே, அப்புறம் எதை நம்பிச் சேர்ப்பது? படத்தின் நடுவை நம்பாதே, ஓரத்தைப் பார் என்கிறார்கள் விஷயம் தெரிந்தவர்கள். எடுத்தவன் கவனமெல்லாம் நடுவில். ஓரத்தில் பொய் சொல்ல அவனுக்கு நேரமில்லை.

நயாகராவில் கனடாப் பக்கம் 'டேபிள் ராக்' என்று ஒரு பாறைத் திட்டு நீட்டிக்கொண்டிருந்தது. சுற்றுலாப் பயணிகள் ஏறி நின்று அருவி பார்க்கிற இடம். 1850 ஜூனில் அதன் பெரும்பகுதி இடிந்து விழுந்துவிட்டது. பாறை முழுசாக நீட்டிக்கொண்டிருந்தால் அதற்கு முந்தைய காட்சி. நாட்மன் படம் எடுத்த விக்டோரியா பாலம் முதலில் இரும்புக் குழாய் மாதிரி மூடின பாலம். 1897-98ல் அதை எடுத்துவிட்டுத் திறந்த இரும்புச் சட்டப் பாலமாக மாற்றினார்கள். குழாய் தெரிந்தால் அதற்கு முன்னால். ஆட்டவா பார்லிமென்ட் கட்டடத்தின் பின்னால் வட்டமான நூலகம் முடிந்தது 1876ல். கூரை இல்லாமல் நின்றால் அதற்கு முன்னால். கையில் ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் போதும், சனிக்கிழமை சாயங்காலத்தில் நீங்களும் துப்பறியும் சாம்புதான்.

வானம்கூடச் சாட்சி சொல்லும். அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடு நீல நிறத்தில் மட்டுமீறி வெளுத்துவிடும். அதனால் வானம் வெறும் வெள்ளையாகவே வரும், மேகம் தெரியாது. அந்தக் காலத்து நயாகரா போட்டோவில் அழகழகாய் மேகம் மிதந்தால், வேறொரு நெகட்டிவிலிருந்து வந்து குடியேறிய மேகமாக இருக்கலாம். வாடகை மேகம்.

ஓரம் பார்த்தாயிற்று. இனிமேல்தான் முக்கியமான இடம். படத்தைத் திருப்புங்கள். முதுகு.

தேர்ந்த சேகரிப்பாளர் கையில் ஒரு பழைய போட்டோவைக் கொடுத்துப் பாருங்கள். முன்பக்கத்தை இரண்டு செகண்ட் பார்ப்பார். பின்பக்கத்தை இரண்டு நிமிஷம் பார்ப்பார். ஸ்டூடியோ பெயர், விலாசம், பென்சிலில் கிறுக்கின ஊர், தேதி, 'அத்தைக்கு அன்புடன்' மாதிரி ஒரு வரி. அதெல்லாம் இருந்தால்தான் அந்தப் படத்துக்கு ஜாதகம் இருக்கிறது என்று அர்த்தம். நயாகரா அருவி படங்கள் அந்தக் காலத்திலேயே மூட்டை மூட்டையாக விற்றவை. இன்றைக்கும் சுலபமாகக் கிடைக்கும். யாரும் போகாத ஒரு சின்ன ஊரின் மரம் அறுக்கும் மில், அதன் முன்னால் நிற்கிற பத்து தொழிலாளிகள், பின்னால் பத்துப் பேரின் பெயர். அது கிடைத்தால் லாட்டரி.

நாட்மன் மகா உப்பு வியாபாரியாக இருக்கட்டும். ஒரு விஷயத்தில் அவருக்குக் கோயில் கட்டலாம். எடுத்த படத்துக்கெல்லாம் நம்பர் போட்டு, யார் என்று பெயர் எழுதி, ஒரு காப்பியை நோட்டில் ஒட்டிவைத்தார். 1956ல் மான்ட்ரியாலின் மெக்கார்ட் மியூசியம் அந்த ஸ்டூடியோவின் சொத்தை வாங்கிக்கொண்டது. நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். நம்பரும் பெயரும் இருந்ததால்தான் அது சரித்திரம். இல்லாவிட்டால் நாலு லட்சம் மீசை, அவ்வளவுதான்.

ஆனால் எல்லோருக்கும் பெயர் எழுதவில்லை. கர்னல், கலெக்டர், அவர் மனைவி, அவர் நாய் வரைக்கும் பெயர் இருக்கும். கனடாவின் பூர்வகுடி மக்கள் படத்தைத் திருப்பினால் பெரும்பாலும் 'இந்தியன்', 'இந்தியப் பெண்' என்று ஒரே வார்த்தை. கொலம்பஸ் வழி தவறி வந்து வைத்துவிட்டுப் போன பெயர். நிற்கிறவளின் சொந்தப் பெயர் கிடையாது. எந்த ஊர், யார் மகள், ஒன்றும் கிடையாது. அருவி, மலை, படகு மாதிரி அவளும் ஒரு 'காட்சி'. அழகான போட்டோ, நல்ல வெளிச்சம், தெளிவான முகம். ஆனால் அநாதை.

இதைச் சரிசெய்ய 2000களின் ஆரம்பத்தில் ஒரு முயற்சி தொடங்கியது. கனடாவின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருந்த பழைய போட்டோக்களை இன்யூட் இன மாணவர்கள் கம்ப்யூட்டரில் ஏற்றி, வடதுருவ கிராமங்களுக்கு எடுத்துப்போய், வயசான பெரியவர்களிடம் காட்டினார்கள். 'பெயர் சூட்டும் திட்டம்' என்று வைத்துக்கொள்ளுங்கள். "இது எங்க அம்மா." "இது என் பெரியப்பா, இது அவரோட நாய்." அரை நூற்றாண்டாக 'எஸ்கிமோ' என்று மட்டும் எழுதியிருந்த முகங்கள் பலவற்றுக்குப் பெயர் திரும்பி வந்தது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அப்படிப் பெயர் கிடைத்தவை பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டுப் படங்கள். 1860ல் எடுத்த முகத்தை நேரில் பார்த்தவர் இன்று உயிரோடு இல்லை. யாரிடம் போய்க் கேட்பது? அதனால்தான் முதுகில் இருக்கிற ஒரு வரிப் பென்சில் எழுத்துக்கு அத்தனை மதிப்பு. அது அழிந்தால் அந்த மனிதர் இரண்டாம் முறை சாகிறார்.

இந்தப் பொழுதுபோக்கில் பாவம் என்று ஒன்று உண்டென்றால் அது பிரிப்பது. பார்ட்லெட் புத்தகத்தை முழுசாக விற்பதைவிட, பிரித்துப் பக்கம் பக்கமாக விற்றால் லாபம் அதிகம். அதனால் எத்தனையோ புத்தகங்களை வியாபாரிகள் கிழித்துத் தனித்தாளாக விற்றுவிட்டார்கள். கறுப்பு வெள்ளையில் அச்சான தாளுக்குப் பிற்காலத்தில் கலர் பூசி, ஃப்ரேம் போட்டு, 'அசல் பழசு ஸார்' என்று விற்பார்கள். தாள் அசல்தான். கலர் நேற்று வந்தது.

ஆல்பத்துக்கும் இதே கதி. அலெக்ஸாண்டர் ஹெண்டர்சன் என்று ஒருவர். இவரும் ஸ்காட்லாந்திலிருந்து மான்ட்ரியால் வந்தவர்தான். உப்பு, ஒட்டுவேலை எதுவும் கிடையாது. நிஜப் பனியில் நிஜமாகவே நின்று, நதி உறைவதையும் உடைவதையும் எடுத்தவர். பார்த்தால் நமக்கே குளிரும். 1913ல் இறந்தார். அவருடைய கண்ணாடி நெகட்டிவ்கள் வீட்டு நிலவறையில் வருஷக்கணக்காகக் கிடந்து, கடைசியில் குப்பையோடு குப்பையாகப் போய்விட்டன. இன்றைக்கு ஹெண்டர்சன் என்று ஒரு கலைஞர் இருந்ததே நமக்கு எப்படித் தெரியும்? அவரிடம் அன்றைக்குக் காசு கொடுத்து பிரின்ட்டும் ஆல்பமும் வாங்கினவர்கள் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால்தான். அந்த ஆல்பத்தைப் பிய்த்து ஒவ்வொன்றாக விற்றால், யார் வாங்கினார், எந்த வரிசையில் வைத்தார் என்ற கதையும் சேர்ந்து கிழிகிறது.

"சரி ஸார், எனக்கும் ஆசை வந்துடுச்சு. பி.எஃப். லோன் போடட்டுமா?"

வேண்டாம். மேலே சொன்ன மியூசியமும் காப்பகமும் ஆயிரக்கணக்கான படங்களை இன்டர்நெட்டில் இலவசமாகவே பார்க்கவிடுகின்றன. முதல் ஆறு மாசம் கண்ணைத் தீட்டுங்கள், பர்ஸை அல்ல. அப்புறம் வாங்குவதானால் சில பால பாடங்கள். பூதக்கண்ணாடியில் பார்க்கும்போது வரிசை வரிசையாகப் புள்ளி தெரிந்தால் அது அச்சுப் படம். முட்டைக் காகித போட்டோ இல்லை. ஆனால் புள்ளி இருந்தால் உடனே தூக்கி எறியவும் வேண்டாம். மான்ட்ரியாலில் தொடங்கிய 'கனடியன் இல்லஸ்ட்ரேட்டட் நியூஸ்' 1869 அக்டோபர் 30 முதல் இதழின் அட்டையிலேயே போட்டோவை இப்படிப் புள்ளியாக்கி அச்சடித்து, உலகத்துப் பத்திரிகைகளுக்கெல்லாம் வழிகாட்டியது. அட்டையில் இருந்தவர் அதே ஆர்தர் இளவரசர். போட்டோ எடுத்தவர்? அதே நாட்மன்! விடமாட்டார் மனுஷன்.

வாங்கினதை வெயில் படுகிற சுவரில் மாட்டாதீர்கள். லாமினேட் செய்யாதீர்கள். செல்லோ டேப் பக்கமே போகாதீர்கள். மங்கின படத்தைத் துடைத்துப் பளிச்சென்று ஆக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஆல்பம் முழுசாகக் கிடைத்தால் முழுசாகவே வைத்திருங்கள்.

பின்னால் எழுத்து இருந்தால் அழிக்காதீர்கள். எழுத்தே இல்லையென்றால், எங்கே வாங்கினீர்கள், விற்றவர் என்ன சொன்னார் என்பதை மெல்லிய பென்சிலில், அழுத்தாமல், ஒரு ஓரத்தில் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா கூடவே கூடாது. முன்பக்கத்தில் தடம் விழும். உறுதியாகத் தெரியாததற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். நூறு வருஷம் கழித்து யாரோ ஒருவர் அதைத் திருப்பிப் பார்ப்பார்.

கனடா படம் வாங்க வசதிப்படாதவர்கள் உங்கள் வீட்டு ஆல்பத்திலேயே ஆரம்பிக்கலாம். அந்த குரூப் போட்டோவில் இடது ஓரத்தில் நிற்கிறவர் யார் என்று கேட்டுச் சொல்ல, வீட்டில் இன்னும் ஒருத்தராவது இருப்பார். இந்த ஞாயிற்றுக்கிழமையே கேட்டு எழுதிவிடுங்கள்.